டீபக்கருக்குக் கொக்கி போட்ட கதை

டீபக்கர் எழுதிப் பிழைப்பவனுக்கு நல்ல சேதி சொல்ல யாரும் போன் செய்வதில்லை. கம்ப்யூட்டர் துறையில் குப்பை கொட்டும் சக பாவிகளுக்கு இது தெரியும். மற்ற புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் பொத்தென்று விழுந்தால், விழுந்த ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டைக் கூப்பிட்டது எது, அதைக் கூப்பிட்டது எது என்று படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தாம்பரம் ஆபீசில் தயாராகும் டீபக்கரின் வேலை.

மேடம் வைத்த கெடு

சில புரோகிராம்கள் ஓடும்போதே தமக்கு வேண்டிய புரோகிராம் வரிகளைத் தாமே எழுதிக்கொள்ளும். அந்த இடம் வந்தால் எங்கள் டீபக்கர் வழி தெரியாமல் திருதிருவென்று விழிக்கும். வழி தெரிந்தவர்கள் வாடிக்கையாளர்கள்தானே, ஒரு கொக்கி வைப்போம், அவர்களே ஸ்கிரிப்ட் என்ற குட்டிப் புரோகிராம் எழுதி அதில் மாட்டி, 'இங்கிருந்து இப்படிப் போ' என்று சொல்லட்டும் என்றேன். யோசனை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

மேனேஜர் மைதிலி மேடம் கெடுவும் வைத்தார். அடுத்த வெளியீட்டுக்குள் ஒரு பெரிய வாடிக்கையாளராவது இதை விரும்பிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கொக்கி கழன்றுவிடும், நான் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போய் நாள் முழுக்கத் திட்டு வாங்கி "ஸாரி சார்" சொல்ல வேண்டும். மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வாய்ஸ் அதுக்கு ரொம்ப சூட் ஆகும்."

நம்பிக்கை

சோழிங்கநல்லூர் கம்பெனி ஒன்று முதலில் ஸ்கிரிப்ட் எழுதி மாட்டியது. மறுநாளே டீபக்கர் உறைந்துவிட்டது என்று புகார். மேடவாக்கம் டிராஃபிக்கில் பாதி ஆயுளைக் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் கிளம்பிய இடத்தையே முந்தைய இடம் என்று காட்டியிருக்கிறது. டீபக்கரும் செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றியிருக்கிறது. இடம் நகராவிட்டால் நின்றுவிடும்படி திருத்தினேன். எழுதிய இன்ஜினியர் துளியும் அசரவில்லை. "ஸ்கிரிப்ட் ஆயிரம் சொல்லும், உங்க டீபக்கர் ஏன் சார் அதை நம்புது?"

காணாமல் போனவர்கள்

ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய கம்பெனியின் பில்லிங் டீம் பாராட்டி மெயில் அனுப்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நான் எழுதுவதைச் சோதிக்கும் ஜெரோம், கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருபவன், அவர்கள் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தான். பில்லிங் டீமின் ஃபங்ஷன் எதிரே வந்தால் அதைத் தாண்டிக் குதிக்கும்படி எழுதியிருந்தார்கள். கூப்பிட்டவர் பட்டியலில் பில்லிங் பெயரே வராது; எது விழுந்தாலும் பழி அதே கம்பெனியின் டேட்டாபேஸ் டீம் தலையில். ஜெரோம் தலையைச் சொறிந்தான்: "மச்சான், செத்தவன் கீறான், இட்டாந்தவனைக் காணோம், இன்னாடா இது பேஜாரா கீது?"

பில்லிங் தலைவருக்கு போன் போட்டேன். அவர் குரலில் தேன் வடிந்தது. "சூப்பர் வசதி சார், இது வந்ததுலேருந்து எங்க டீம்ல ஒரு க்ராஷ்கூட இல்ல."

நியாயம்

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஹெல்ப் டெஸ்க்கை நினைத்ததும் பாதி தணிந்தது. மீதிப் பாதி கேட்காமல், டேட்டாபேஸ் டீமின் தலைவிக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். கொக்கியும் போச்சு, நானும் போனேன் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த ஸ்கிரிப்ட்டையே எங்க டீமுக்கும் கொஞ்சம் மாத்தித் தர முடியுமா சார்?"

இப்போது அந்தக் கம்பெனியில் எல்லா டீமுக்கும் எங்கள் கொக்கிதான், என் நாற்காலியும் பத்திரம், அங்கே புரோகிராம்கள் மட்டும் யாரும் கூப்பிடாமல் தானாகவே விழுகின்றனவாம்.