சொட்டு சிஸ்டர்

கட்டிலடியில் இருந்த குடுவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு அதன் வயிற்றில் புறங்கையை வைக்கிறார். "ம்ஹும்" என்கிறார். அவ்வளவுதான், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

சிறுநீரகம் மாற்றும் இந்த வார்டின் மூத்த நர்ஸ் அவர். நோயாளிகள் வைத்த பெயர் சொட்டு சிஸ்டர். மூத்திரத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்றவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று நலம் விசாரித்தால், இவர் "வந்துச்சா?" என்பார். வேலை செய்ய மறுக்கும் சிறுநீரகத்துக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். அதைத்தான் திட்டுவார், நோயாளியைத் திட்டமாட்டார். பெரிய டாக்டருக்கு வணக்கம் வைக்கும்போதும் கண் குடுவையில்தான் இருக்கும்.

அங்கே படுத்திருந்தவன் என் மைத்துனன். அவனுக்குள் இருந்தது என் மனைவியின் சிறுநீரகம். அக்கா கொடுத்தாள், தம்பி வாங்கிக்கொண்டான், அதுவோ ஒரு சொட்டுகூட இறக்கவில்லை. டயாலிசிஸ் தொடர்ந்தது. பக்கத்து வார்டில் தையலோடு படுத்திருந்தவள் என்னைக் கண்டாலே ஒன்றைத்தான் கேட்டாள்: "என்னோடது வேலை செய்யுதாங்க?"

சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். "இவன் உடம்பு அதை வேண்டாங்குதா?"

"அதெல்லாம் இல்ல சார், டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டாரு. கிட்னிய எடுத்து மாத்தி வைக்கிற வரைக்கும் அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. திரும்ப ரத்தம் பாஞ்சதும் தவிச்சுப் போகுது. அதப் பாத்து உடம்போட காவல் அணுக்கள் பதறியடிச்சு உள்ள ஓடும். உதவி பண்ணத்தான் வருதுங்க. வந்த வேகத்துல நல்லா இருக்கிற இடத்தையும் நாசம் பண்ணிடும். வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா சொந்தக்காரங்க மொத்தமா வந்து உக்காருவாங்கல்ல, அந்த மாதிரி. கூட்டம் கலைஞ்சா இது தானா எந்திரிக்கும்."

"எந்திரிக்கலன்னா?"

"சிலது எந்திரிக்காது சார். உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்."

மைத்துனன் பேருந்து ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கையே முறைத்துப் பார்க்கிற ஜாதி. மறுநாள் காலை குடுவையில் தாராளமாகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, மனைவியிடம் சொல்ல ஓடப்போனேன். சிஸ்டர் புறங்கையை வைத்தார்.

"நில்லுங்க சார். நிறமும் இல்ல, சூடும் இல்ல. குடிக்கிற தண்ணிய எடுத்து ஊத்தினது யாரு?"

மைத்துனன் அசடு வழிந்தான். "அக்கா அழுதுக்கிட்டே இருக்கா சிஸ்டர். சும்மா ஒரு நாளைக்கு..."

"எனக்கே தண்ணி காட்டுறீங்களா? இத நம்பி டாக்டர் மருந்த மாத்தியிருந்தா, அக்கா இன்னும் நல்லா அழுதிருப்பாங்க!"

அன்று முதல் அவனுடைய தண்ணீர்க் குவளை சிஸ்டரின் மேசையில் குடியிருந்தது. கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ஊரையே ஹாரன் அடித்து மிரட்டுகிறவன், ஒரு மடக்குக்குக் கை தூக்கினான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். சிஸ்டர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார். புறங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "ம்ஹும்" வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குடுவையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது சக்கர நாற்காலியில் என் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் குனிந்து குடுவையை எடுத்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்.