பார்த்துக்கொள்ளும் வேலை

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, ஒரு வேலையைத் தேடிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவரை லீவில் வந்து போனவர். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், சொந்தத்தில் ரெண்டு கல்யாணம், திரும்பவும் ரயில். கூடவே இருக்கும் மனிதராக அவரை எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் வீடு பழக்கமில்லை. விடியுமுன் குளித்து, சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நான் துணி தைத்துக் கொடுக்கும் வீடுகளில் ஒன்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீடு. அந்த அண்ணாச்சியிடம் நானே போய்க் கேட்டேன்.

"பட்டாளத்துக்காரர்னா யோசிக்கவே வேண்டாம். நாளைக்கே வரச் சொல்லும்மா" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானமே இவர் வீடு திரும்பிவிட்டார். யாருடனும் சண்டை இல்லை.

"என் டூட்டி என்னன்னு கேட்டேன். சும்மா எல்லாத்தையும் பாத்துக்கிடுங்கங்காரு அண்ணாச்சி. என்னத்தப் பாக்க?"

"லோடு ஒழுங்கா ஏறுதான்னு பாக்கணும்ங்க."

"ஏறலைன்னா யார்ட்ட சொல்ல? வேலை பாக்குற பொம்பளையள அதட்டலாமா, கூடாதா? எனக்கு மேல யாரு, கீழ யாரு?"

இத்தனை வருஷமும் இந்த வீட்டை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். எனக்கும் யாரும் எதையும் பிரித்துச் சொன்னதில்லை. அதைச் சொன்னால் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். "இன்ன இன்ன வேலைன்னு அவியளுக்குத் தனித்தனியாச் சொல்லிருங்க அண்ணாச்சி."

அவர் விழித்தார். "எல்லையில நின்ன மனுஷனுக்கு நான் எப்படிம்மா உத்தரவு போட? மரியாதையா இருக்காதே."

ஆனாலும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இவர் திரும்பவும் வேலைக்குப் போனார்.

ஒரு நாள் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று தூக்குச்சட்டியோடு போனேன். வடக்கேயிருந்து பண்டல் ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றது. தலைப்பாகை கட்டிய டிரைவரின் தோளில் இவர் கை போட்டுக்கொண்டு, இந்தியில் ஏதோ சொல்லித் தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று தெரியாமல் வேப்பமர நிழலில் நின்றேன்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல. அங்க மலையில விழுற பனியப் பத்தித்தான்."

இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். வடக்கத்தி லாரி வருகிற நாளில் சீக்கிரமே கிளம்பிவிடுவார். அதற்கு நான் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பனிக்கு இந்தியில் என்ன என்று கேட்டேன்.

"பர்ஃப். எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.