இடது கைச் சுண்டுவிரல்

நாற்பத்தெட்டு வயதில் பியானோ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத வாங்கி எங்க வெக்கிறது?" என்று மட்டும் கேட்டார். வாங்கவில்லை, வேலூரில் பாகாயம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன். "அப்ப சரி" என்று ரசம் ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் நிறைவேறும்.

ஏன் இந்த வயதில் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். ஞாபகசக்திக்கு நல்லது, மனசுக்கு நல்லது, டாக்டரே சொல்கிறார் என்றெல்லாம். எல்லாம் சும்மா. சர்ச் பாடகர் குழுவில் பின் வரிசையில் இருபது வருடம் நின்று, பியானோ வாசிப்பவரின் முதுகை மட்டுமே பார்த்தவள் நான். ஒருமுறையாவது அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் ஒரு பழைய பியானோ வைத்திருந்தார். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு முன்னால் வரும் மாணவிக்கு ஏழு வயது. அவள் இரண்டாவது புத்தகத்தில் இருந்தாள், நான் முதல் புத்தகத்தில் வாத்துப் படம் போட்ட பக்கத்தில் இருந்தேன். போகும்போது என் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். "இது ஈஸி ஆன்ட்டி" என்று ஒருநாள் ஆறுதல் வேறு சொன்னாள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதோடு விரல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தோல் செக்கிங் செய்கிறேன். டேபிளில் தோலை விரித்துத் தடவிப் பார்த்து, உண்ணிக் கடி, கீறல், தளர்ந்த இடம் எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளாட்டுத் தோலா செம்மறித் தோலா என்று சொல்வேன். இந்த விரல்களுக்குப் பியானோவின் ஐந்து கட்டைகளை அழுத்துவது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். மிஸ் திடீரென்று என் வாசிப்பை நிறுத்தினார்.

"அக்கா, இடது கைல முதல் நோட்டு வரவே இல்ல பாருங்க."

"வாசிச்சேனே மிஸ்."

"அழுத்தல. சுண்டுவிரல் மேல உக்காந்துக்கினு இருக்குது, கீழ போகல."

மறுபடி வாசித்தேன். மறுபடியும் அந்த இடத்தில் சத்தம் இல்லை. நான் அழுத்தினேன் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். குனிந்து பார்த்தபோது விரல் கட்டையின் ஓரத்தில் சும்மா படுத்திருந்தது. அது அங்கே படுத்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. "வயசாச்சுல்ல, புதுசா பழகுறப்ப அப்படித்தான்" என்று மிஸ் சமாதானம் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் வேலையில் யாரும் பார்க்காதபோது ஒரு சோதனை செய்தேன். வெள்ளாட்டுத் தோல் ஒன்று, செம்மறித் தோல் ஒன்று. கண்ணை மூடி வலது கை விரல்களால் தடவினேன். ஐந்தும் சரியாகச் சொல்லின. பிறகு இடது கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சொல்லின. மோதிர விரல் தடுமாறியது. சுண்டுவிரல் ஒன்றுமே சொல்லவில்லை. தோலின் மேல் இருக்கிறதா டேபிளின் மேல் இருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியவில்லை.

வேலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மரத்துப்போன விரல் என்றால் முதலில் ஒரே ஒரு வியாதிதான் ஞாபகம் வரும். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து, வரிசையாக நிற்கவைத்து, முதுகிலும் கையிலும் தேமலைத் தேடி, கண்ணை மூடச்சொல்லி, "தொட்டா தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியுது என்று கத்துவோம். அந்தக் கேள்வியை இப்போது நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் வேறாக இருந்தது.

இதற்கு மாத்திரை இருக்கிறது, குணமாகிவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதை எத்தனை தடவை படித்திருக்கிறேன். நான் பயந்தது வியாதிக்கு அல்ல. மனிதர்களுக்கு. அதைவிட, என்னைப் போன்ற மனிதர்களுக்கு. பல வருடங்களுக்கு முன் டவுன் பஸ்ஸில், விரல்கள் மடங்கிப்போன ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்ட மாதிரி எழுந்து, நாலு ஸ்டாப் நின்றுகொண்டே போனேன். அந்த அம்மாவுக்கு அது புரிந்தது என்று எனக்கும் தெரியும். யாருக்கும் சொல்லாத அந்த நாலு ஸ்டாப் இப்போது தினமும் ஞாபகம் வந்தது.

விரலில் உணர்ச்சி போனவளுக்குத் தோல் செக்கிங்கில் என்ன வேலை? கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு இரண்டு வாரம் ஓட்டினேன். ஷிப்மென்ட் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று மிஸ்ஸுக்கு ஒரு பொய் சொன்னேன். வீட்டில் வாயே திறக்கவில்லை. கடைசியில் பயந்து பயந்து சாவதைவிடத் தெரிந்துகொண்டு சாவது மேல் என்று அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். கண்ணை மூடச்சொல்லி மெல்லிய நைலான் இழையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். கை, முதுகு, முகம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். முழங்கையின் உள்பக்கத்தில் விரலை வைத்து எதையோ உருட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுவே எனக்கு பேஜாராக இருந்தது.

"இன்னா வேலம்மா செய்றீங்க?"

"தோல் செக்கிங்."

"எப்படி செய்வீங்க, காட்டுங்க."

காட்டினேன். அவர் மேசை மேலிருந்த ஃபைலைத் தோலாக நினைத்துக்கொண்டு, நழுவாமல் இருக்க அதன் ஓரத்தில் இடது முழங்கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, வலது கையால் தடவி வட்டம் போட்டேன். எங்கள் டேபிளில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். சேர்ந்த முதல் நாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முழங்கைதான் எங்களுக்கு ஆணி.

"எத்தினி வருஷமா?"

"இருபத்திரண்டு."

டாக்டர் என் முழங்கையின் உள்பக்கத்தில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று ஓடியது. நான் துள்ளிவிட்டேன்.

"அந்த விரலுக்குப் போற நரம்பு இந்த வழியாத்தான் போவுது. அது மேலயே இத்தினி வருஷமா சாஞ்சிக்கினு இருந்திருக்கீங்க. அது நசுங்கிப் போச்சு."

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "அந்த வியாதி..." என்று இழுத்தேன்.

"தொழுநோயான்னு கேக்கறீங்களா? இல்ல. தேமல் கெடையாது, நரம்பும் தடிக்கல. நரம்பு டெஸ்ட் ஒன்னு எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அதுவாவே இருந்திருந்தாலும் இன்னாம்மா, மாத்திரை இருக்குது, சாப்ட்டா சரியாயிடும்." அந்தப் பெயரை அவர் காய்ச்சல், சளி என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். இரண்டு வாரமாக என் மனசுக்குள்கூட நான் சொல்லத் துணியாத பெயர் அது.

பிறகு மேசையில் முழங்கையை ஊன்றக்கூடாது, தூங்கும்போது கையை மடக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். பியானோ கற்றுக்கொள்கிறேன், அதையும் விட்டுவிடவா என்று கேட்டேன்.

"பியானோவுல முழங்கை எங்க இருக்கும்?"

"காத்துல."

"அப்ப அத மட்டும் விடாதீங்க."

மறுநாள் டெஸ்டும் அதையே சொன்னது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று வீட்டுக்காரருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பஸ் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது.

"ரெண்டு வாரமா நீ இடது கைல டம்ளர் எடுக்கல," என்றார். "பாத்துக்கினுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"பயமா இருந்துச்சும்மா."

அவரும் இந்த ஊரில் வளர்ந்தவர்தானே. நான் அங்கேயே, ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் நின்று, வாய்விட்டு அழுதேன். அழுகை என்று சொல்வதுகூடத் தப்பு. மலையை இறக்கி வைத்தவள் மூச்சு வாங்குவதுதான் அது. கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

இப்போது என் டேபிளில் தோலின் ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. என் ஆணி வேலையை அது பார்த்துக்கொள்கிறது. முதலில் சிரித்த பக்கத்து டேபிள்காரிகள் இரண்டு பேர், தங்கள் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு இரும்பு தேடி எடுத்து வந்தார்கள்.

விரல் உடனே திரும்பவில்லை. நரம்பு ஆமையைவிட மெதுவாகத்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். ஷிப்மென்ட் பொய்யை மன்னித்தார், ஆனால் வாத்துப் பக்கத்தை இன்னும் நாற்பது தடவை வாசிக்க வைத்தார். சுண்டுவிரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே அழுத்தினேன். அந்த ஏழு வயதுக்காரி மூன்றாவது புத்தகத்துக்குப் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பியானோ முன் உட்கார்ந்து, பழக்கம்போல இரண்டு கைகளையும் கட்டைகளின் மேல் வைத்தேன். வலது கை விரல்கள் ஐந்திலும் குளிர் ஏறியது. இடது கையில் நான்கு. ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவாக, ஐந்தாவது.

நான் கையை எடுக்கவே இல்லை.

"இன்னாக்கா, ஆரம்பிக்கலயா?" என்றார் மிஸ்.

"ஜில்லுன்னு இருக்குது மிஸ்."

"ஃபேன் ஜாஸ்தியா இருக்குதா?" என்று எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார். அணைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.