தீப்பெட்டி தேசத்துக் கார்

தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, மெட்ராசுக்கு ஒரு வியாபார வேலையாகப் போன என் வீட்டுக்காரர், சுவீடன் தேசத்துக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். கொஞ்சம் கையில் காசு புரண்ட முதலாளிமார் எல்லாரும் அம்பாசிடர் வாங்கினார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் இருப்பதை ஐந்தாவது ஆளாக வாங்குவதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது இவருடைய கட்சி.

அந்தக் கார் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். ஒரு பங்களாவின் கொட்டகையில், மேலே புறா எச்சத்தோடு, கேட்பாரில்லாமல் நின்றிருக்கிறது. எந்த ஊர்க் கார் என்று இவர் கேட்டிருக்கிறார். சுவீடன் என்று சொன்னதும் வேறு எதையும் கேட்கவில்லை. தீக்குச்சித் தொழிலில் அந்த நாட்டுக்காரர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் இவர்.

“குச்சியை அவ்வளவு நேரா சீவத் தெரிஞ்சவன் காரை மட்டும் கோணலாவா செய்யப்போறான்?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்குக் கார் கோணலாகத்தான் தெரிந்தது. முன்பக்கம் மூக்கு புடைத்து, கூரை அப்படியே பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூழ்ச்சட்டியைக் கவிழ்த்துச் சக்கரம் மாட்டியது மாதிரி இருந்தது. இரண்டே கதவு. பின்னால் உட்காருகிறவர் முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, கோயில் கருவறைக்குள் போகிற பக்தியோடு நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது.

பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினால்தான் அது ஓடும். முதல் தடவை பங்க்கில் போய் நின்றபோது, அங்கிருந்தவர் கலக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். நாளைக்கு வண்டி கெட்டுப்போனால் என்னைத்தான் சொல்லுவீர்கள் என்றாராம். அதனால் இவரே வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்துப்போய், அவர் கண் முன்னால், பால்குடம் ஊற்றுகிற பக்குவத்தில் எண்ணெயை ஊற்றினார். அந்தச் செம்பு அதற்குப் பிறகு அடுக்களைக்குத் திரும்பி வரவேயில்லை.

எண்ணெய் சேர்ந்த பெட்ரோல் எரிவதால் பின்னால் நீலப் புகை கிளம்பும். வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. கோவில்பட்டியில் புகையைக் கண்டால் ஜனங்கள் யோசிப்பதே இல்லை, ஓடத்தான் செய்வார்கள். ஒருநாள் இவர் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருக்க, பின்னால் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்திருக்கிறது. இவர் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டிருக்கிறார். அதுவும் ஒதுங்கி நின்றது. இவர் கிளம்ப, அதுவும் கிளம்பியது. ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான் அந்த ஊர்வலம் முடிவுக்கு வந்தது. அவர்கள் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்போதுமே இப்படித்தானா அண்ணாச்சி என்று வருத்தத்தோடு விசாரித்தார்களாம்.

அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் ஒன்றுகூடி வந்து, தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற கொட்டகைப் பக்கம் இந்தக் காரைக் கொண்டுவரக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். இவரும் ஒப்புக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஆபீசுக்கு நடந்து வந்தார். கார் இல்லாத காலத்தில் வீட்டிலிருந்து நடந்த தூரத்தைவிட இது அதிகம். நான் அதைச் சொன்னபோது, காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் காரில் ஒரு சுகம் இருந்தது. அதை நான் மெள்ளத்தான் கண்டுபிடித்தேன். அம்பாசிடர் வைத்திருக்கிற வீடுகளுக்கு நிம்மதியே கிடையாது. கல்யாணம், பிரசவம், திருச்செந்தூர் மொட்டை என்று சொந்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். இல்லை என்று சொன்னால் பகை. எங்கள் காரை ஒருத்தரும் கேட்கவில்லை. கொடுக்கிறேன் என்று இவராகச் சொன்னால்கூட, வேண்டாம் அண்ணாச்சி, பஸ் இருக்கு என்று அவசரமாகச் சொன்னார்கள். அது உயர்ந்த காரா, மட்டமான காரா என்று யாருக்கும் தெரியாததால் பொறாமைப்படவும் வழியில்லை, இளக்காரம் பண்ணவும் வழியில்லை. ஊரில் எங்களுக்கே எங்களுக்கு என்று இருந்த ஒரே பொருள் அதுதான்.

ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் நான் வலது பக்கம் உட்காருவேன். முன்னால் போகிற வண்டி மறைப்பதால் எதிரே லாரி வருவது இவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். “வேண்டாம்”, “இப்பப் போங்க” என்று நான் சொல்லச் சொல்ல இவர் முந்துவார். கைகாட்ட வேண்டியதும் நான்தான். பிள்ளை பிறந்த பிறகு அவனையும் மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டுகிற இடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, கையை நீட்டிக்கொண்டு போவதுதான் தெரியும். ஸ்டியரிங் எங்கே என்று யார் கவனிக்கப்போகிறார்கள்? முதலாளியம்மா கார் ஓட்டுதாவ என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிறவர் என்று இவர்மேல் சிலருக்குப் பரிதாபம்கூட ஏற்பட்டது.

இன்னொரு விசேஷம், அதன் ஹீட்டர். பனிக்கட்டி தேசத்துக்கென்று செய்தது. அதன் குமிழ் எங்கேயோ துருப்பிடித்து மாட்டிக்கொண்டதால் அதை நிறுத்தவே முடியவில்லை. சித்திரை மாதத்துக் கோவில்பட்டியில், கால் பாதத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி சூடு அடிக்கும். ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் அதற்கும் ஒரு பிரயோசனம் வந்தது. பிள்ளையின் துணிகள் ஒன்றுகூட வீட்டில் காயவில்லை. நான் காருக்குள் குறுக்கே ஒரு கயிறு கட்டி, துணிகளைத் தொங்கவிட்டு, இவரை ஊரைச் சுற்றி வரச் சொன்னேன். மொறுமொறுவென்று காய்ந்து வந்தன. இவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த நாட்டுக்காரன் மூளையே மூளை என்றார்.

அதே ஐப்பசியில்தான் என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்க நாகலாபுரம் போனோம். பெண் வீட்டார் பருத்தி, வத்தல் வாங்கி விற்கிறவர்கள். மாமியார் இல்லாத வீடு எங்களுடையது. ஆகவே பெரிய பொம்பளை என்று நான் போக வேண்டியிருந்தது. இவர் ஓட்ட, நான் பிள்ளையோடு வலது பக்கம். பின்னால் மாப்பிள்ளையும், இவருடைய தாய்மாமாவும், காயாத துணிகளும். தாய்மாமா பெரிய கனவான். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்ட விடமாட்டார். ஈரத்துணி ஒன்று மூக்கில் உரசும்போதெல்லாம் விரல் நுனியால் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார்.

எட்டயபுரம் தாண்டி ஒரு மண்பாதையில் இறங்கியதும் மழை பிடித்தது. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் மண் அப்பி அப்பி, ஆட்டுக்கல் தண்டிக்கு ஆனது. கார் நின்றுவிட்டது. காட்டுவேலை முடித்து மாட்டுவண்டி பத்திக்கொண்டு வந்த இரண்டு சம்சாரிகள் இறங்கி, நல்ல மனசோடு, ஆட்களைப் பின்பக்கம் ஏறி அமுக்கச் சொன்னார்கள். எல்லா வண்டிக்கும் அதுதான் வைத்தியம். இவர் தடுத்தார். இந்தக் காரில் முன்சக்கரம்தான் இழுக்கும், அதனால் முன்னால்தான் கனம் வேண்டும் என்றார். அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை நனையக் கூடாது. நான் கைப்பிள்ளைக்காரி. மிச்சம் இருந்தது தாய்மாமா.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு துண்டை விரித்து, பானெட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடையை விரித்தார். கார் உறுமியது, நீலமாகப் புகைந்தது, மெதுவாக நகர்ந்தது.

இப்போது இவருக்கு முன்னால் மாமாவின் முதுகும் குடையும் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. நான்தான் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பள்ளம், ஆடு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நல்ல ரோடு வந்த பிறகு நிறுத்தி, மாமாவை உள்ளே வரச் சொன்னோம். அவர் வரவில்லை.

“அடியில கதகதன்னு இருக்கு. காத்தும் வருது. நீ விடுப்பா” என்றார்.

அப்படியே நாகலாபுரத்துக்குள் போனோம். மழையில் நனையாத வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் காருக்கு முன்னால் உற்சவமூர்த்தி போல வர, உள்ளே தோரணம் மாதிரி துணிகள் ஆட, பின்னால் புகை எழும்ப, ஓட்டுகிற இடத்தில் பிள்ளையோடு நான். பெண் வீட்டார் குடையோடு வாசலுக்கு வந்தவர்கள், தொழில்காரர்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தாய்மாமா இறங்குவதற்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

பெண் பியூசி படித்தவள். அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள் என்று கேள்வி. காப்பி கொண்டுவந்தவள் என் கொழுந்தனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை உறங்கவைக்க நான் உள்ளே போனபோது பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, இதுல வரும்போது உங்களுக்குப் பயமா இல்லையா?”

“முதல்ல இருந்துச்சு. இப்பப் பழகிட்டு” என்றேன். காரில் உட்கார்ந்து வருவதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி வந்து மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு எப்போது கார் ஓட்டச் சொல்லித்தரப்போகிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, நான் சும்மா அந்தப் பக்கம் உட்காருகிறேன் என்று விளக்கிச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பொம்பளைகள் கார் ஓட்டுகிற வீடு என்பதால்தான் சரி என்றேன் அக்கா என்றாள். மாப்பிள்ளை மூக்கு எப்படி இருக்கிறது என்றுகூட அன்றைக்குக் கவனிக்கவில்லையாம்.

விஷயம் இவர் காதுக்குப் போனது. வீட்டில் பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். இவருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அந்தக் காரை வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். பங்குனியில் கண்மாய் வற்றியதும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். தாய்மாமா ஆட்சேபிக்க வாயெடுத்தார். பானெட்டில் உட்கார்ந்து ஊருக்குள் போன நினைவு வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஓரகத்தி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவாக வரவில்லை. வலது பக்கம் இருந்து சொல்லியே பழகிவிட்டதால், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் யாராவது எனக்குச் சொல்லமாட்டார்களா என்று இருந்தது. ஆகவே அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் புதியம்புத்தூர் வரைக்கும் போய் வருவோம். கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார்கள். என்ன தைரியமாய் ஓட்டுதீங்கம்மா என்று என்னைப் பார்த்துச் சொல்லுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற அவளை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். ஆரம்பத்தில் அவள் மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். யாரும் பார்க்காமல் ஓட்டுவது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

எண்பதுகளில் டெல்லிப் பக்கம் செய்த புதுச் சின்னக் கார் எங்கள் ஊருக்கும் வந்தது. முன்சக்கரம் இழுக்கிறதாமே என்று எல்லாரும் அதிசயமாகப் பேசினார்கள். இவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்தச் சமயம்தான், எங்கேயோ கேள்விப்பட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் நுழைந்து காரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது பனியில் பந்தயம் ஓடி ஜெயித்த ஜாதி என்றார். உலகத்தில் விவரம் தெரிந்தவர்கள் இதைத் தேடுவார்கள், நம் நாட்டில்தான் யாரும் சீண்டுவதில்லை என்றார். ஹீட்டர் குமிழை ஒரு திருப்புத் திருப்பி நிறுத்திக் காட்டினார். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வந்தவருக்குச் சாப்பாடு போட்டோம். நல்லபடியாகக் கவனித்துக்கொள்கிறேன், எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டார். கொட்டகை காலியானால் விறகு அடுக்கலாம் என்று எனக்கு ஆசை. இவர் கொடுக்க முடியாது என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “அந்த மனுசனுக்கு இதைப் பத்தி எல்லாமே தெரிஞ்சிருக்கு, ஏட்டி” என்றார். “அவருகிட்ட போனா இது வெறும் காரா ஆயிரும்.”