கடைசிக் குழாய்

இது இரவில் நடக்கவில்லை. மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை. நல்ல வெயிலில், மத்தியானம் பன்னிரண்டரைக்கு, கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் நடந்தது. நடந்தது ஆரணிக்கு. வெள்ளவத்தையில் அவளைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை என்பார்கள். மின்விசிறி கொஞ்சம் சத்தம் போட்டாலே கழற்றிக் காரணத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் நிற்பவருக்கு அதை விளங்கப்படுத்தியும் விட்டுத்தான் மறுபடி பூட்டுவாள். இந்த ஒன்றுக்குத்தான் அவளிடம் இன்றுவரை காரணம் இல்லை.

கடற்கரைக்கு அருகே பழைய விடுமுறை முகாம் ஒன்று இருந்தது. ஆகஸ்ட் லீவில் பிள்ளைகளைக் காலையில் பஸ்ஸில் ஏற்றி வந்து, விளையாட விட்டு, சாப்பாடு கொடுத்து, பின்னேரம் வீட்டுக்கு அனுப்பிய இடம். மூடிப் பல வருடம். நீண்ட சாப்பாட்டு மண்டபம், விளையாட்டு அறை, வெளியே பெரியவர்கள் குனிய வேண்டிய அளவுக்குத் தாழ்ந்த கைகழுவும் தொட்டி, அதன் மேல் வரிசையாகக் குழாய்கள். ஆரணி அதை வாடகைக்கு எடுத்தாள். பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்கு, கூட்டத்தைக் கண்டால் மிரளும் பிள்ளைகளுக்கு, ஒரு பகல் நிலையம் திறப்பதற்காக. பெற்றோர் காத்திருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் சரி என்றால் போதும்.

அவர் வந்த அன்று கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பம்ப் சூடேறி நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அனுமதி கிடைக்காவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குச் சாமான் களஞ்சியமாக வாடகைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் இடத்தின் சொந்தக்காரர்.

அந்த பம்பின் வேலை மிக எளிது. குழாய்கள் மூடியிருக்கும்வரை உள்ளே அழுத்தம் நிற்கும், பம்ப் தூங்கும். ஒரு குழாய் திறந்தால் அழுத்தம் விழும், பம்ப் விழிக்கும். அடிக்கடி விழித்துத் தூங்கினால் மோட்டார் சூடேறும். அப்படியென்றால் எங்கேயோ தண்ணீர் போகிறது.

"லீக் எங்கயும் இல்லீங்க மிஸ்," என்றான் குழாய் வேலை பார்க்கும் தர்ஷன்.

"லீக் இல்லாமல் ஏன் ஓடுது? அதுக்குப் பொழுது போகேல்லையோ?"

"மத்தியானம் மட்டுந்தான் ஓடுது மிஸ். சாப்பாட்டு நேரத்துக்கு."

"பம்புக்குப் பசிக்குதாக்கும்."

தர்ஷன் சிரிக்கவில்லை.

அவன் வால்வை மாற்றினான். ஓடியது. சுவிட்சை மாற்றினான். ஓடியது. தொட்டிக்குப் போகும் பைப்பை அடைத்தான். நின்றது. ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் பரிசோதகர் விடமாட்டார். திறந்தார்கள். அடுத்த மத்தியானம் மறுபடி ஓடியது. ஆரணிக்கு அழுகை வராத குறை. பரிசோதகர் வர ஒரு நாள் இருக்கையில், வாஷர் வாங்கப் போன தர்ஷன் திரும்பி வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

அவள் தனியாகத் தொட்டியின் முன் போய் நின்றாள்.

அந்தக் குழாய்களுக்குத் திருகு கிடையாது. தலையை அமுக்க வேண்டும். அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் தண்ணீர். கையை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மூடிவிடும். பிள்ளைகள் மூட மறந்தாலும் தண்ணீர் வீணாகாது. நல்ல ஏற்பாடு. அவை தாமாகத் திறக்க வழியே இல்லை.

பன்னிரண்டரை.

ட்ர்ர்ர்… பம்ப் விழித்தது.

கடைசிக் குழாயின் தலை உள்ளே போயிருந்தது.

தண்ணீர் விழுந்தது. தலை மேலே வந்தது. நின்றது.

மறுபடி உள்ளே. தண்ணீர். மேலே.

மறுபடி…

யாரோ அமுக்கிவிட்டு, தண்ணீருக்குள் கையை வைப்பதற்குள் அது நின்று போகிறது. அப்படித்தான் இருந்தது.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். எத்தனை நாள் அலைச்சல். அவள் போய்க் குழாயின் தலையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள்.

"இந்தா. கழுவித் துலை."

தண்ணீர் நேராக விழுந்தது.

பிறகு… நேராக விழவில்லை.

பாதி வழியில் பிரிந்தது. வெறும் காற்றில். ஐந்தாறு சின்ன இழைகளாக.

விரல்களுக்கு நடுவால் வழிவது போல.

அவளால் கையை எடுக்க முடியவில்லை.

இழைகள் அசைந்தன. ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன…

பிறகு தண்ணீர் நேரானது.

அன்று பம்ப் மறுபடி ஓடவில்லை. மறுநாள் பரிசோதகர் வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் பழனியம்மா வேலை கேட்டு வந்தார். முகாம் இருந்த காலத்தில் அங்கே சமைத்தவர். தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இத இன்னும் உடைக்கலியா மிஸ்?"

"ஏன் உடைக்க வேணும்?"

"ஒத்தையா நின்னு கழுவ முடியாது. ஒருத்தர் அமுக்கணும், ஒருத்தர் கழுவணும். அதனால புள்ளைங்கள சோடி சோடியா விடுவோம். கழுவின கையக் காட்டினாத்தான் சாப்பாடு. எண்ணுறதும் சோடிக் கணக்குத்தான்." அவர் கண் கடைசிக் குழாயில் நின்றது. "ஒரு நாள் ஒரு பையனோட சோடிக்குக் காய்ச்சல், வரல. இவன் இங்கயே நின்னிருக்கான். சோடி இல்லாதவன எண்ணிக்கையில யாரும் சேக்கல. பஸ்ல ஏத்துறப்பதான் தேடினோம்."

"கிடைச்சவனோ?"

"கடல் பக்க கேட்டு திறந்து கெடந்திச்சு மிஸ்."

நிலையம் திறந்த அன்று, தலையைத் தொட்டு ஒவ்வொருவராக எண்ணச் சொன்னாள் ஆரணி. ஆசிரியை உஷாந்தி அப்படியே எண்ணினாள். ஒன்பது பிள்ளைகள். மத்தியானம் அவர்களைத் தொட்டிக்குக் கூட்டிப் போனாள்.

"ஒரு பிள்ளை மிஞ்சும், நான் வந்து அமுக்கட்டோ?" என்று ஆரணி உள்ளே இருந்து கேட்டாள்.

"தேவையில்லை அக்கா. எல்லாருக்கும் சோடி இருக்கு."

சொன்ன பிறகுதான் உஷாந்தியின் முகம் மாறியது.

அன்றிரவு, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான நிருஷாவின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், இவள் என்னையே கையில தொட விடமாட்டாள். இண்டைக்கு முழுக்க ஒரு பெடியன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவளாம். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

ஆரணி தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ஒண்டு மட்டும் திருப்பித் திருப்பிக் கேக்கிறாள் மிஸ். எவ்வளவு துடைச்சுவிட்டாலும் அவன்ர கை ஏன் காயுதில்லை எண்டு."

நிலையம் இப்போதும் நடக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றும்போது உஷாந்தி தலைகளைத் தொட்டு எண்ணுகிறாள். ஆரணி பக்கத்தில் நின்று, மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறாள்.