நீடாமங்கலம் கேட்

கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் எங்கள் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும். சென்னை ரயில் சாவகாசமாகக் கடந்து, நான் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். மீதிக்கு வெளியே நிற்பேன். ரயில் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துப் போகிறவர்களை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

சென்னையில், கடல் தெரியும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அம்மாவோடு கிளம்பிய அன்று அதே ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம். கேட் வந்தது. மூடிய கேட்டுக்குப் பின்னால் என் பழைய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கீழே இறங்கி நின்ற கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்.

"பாவம், எவ்வளவு நேரமா காத்துக் கிடக்குதுங்களோ," என்றார் அம்மா.

"கிடக்கட்டும்மா," என்றேன். "முதல்ல நாம போவோம்."