எனக்கு நானே எழுதிய விளக்கக் கடிதம்

திருச்சுழிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் என்னைப் 'பொறுப்பு' என்று உட்காரவைத்தார்கள். கிளார்க் இடமும் காலி. மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, ஆன்லைனில் விவரம் ஏற்றுவது, அருப்புக்கோட்டையில் கூட்டம் என்றால் பஸ் பிடித்து ஓடுவது எல்லாம் நானே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறை வாசலில் வந்து நின்று கேட்பார்கள்: "டீச்சர், இன்னைக்காச்சும் வருவீகளா?"

பொதுத்தேர்வில் கணக்கில்தான் நிறையப் பேர் ஃபெயில். கணக்கு ஆசிரியரிடம் விளக்கம் வாங்கி அனுப்பும்படி தலைமையாசிரியருக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு பேரும் நான்தான் என்று போனில் சொன்னேன்.

"தெரியும் மேடம். ஃபார்மட் அப்படி," என்றார் அங்கிருந்த உதவியாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் போட வக்கில்லை, விளக்கம் கேட்க மட்டும் தெரிகிறது. எனக்கு நானே கேள்வி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே பதிலும் எழுதினேன்: 'தலைமையாசிரியர் என்னை வகுப்புக்குப் போக விடவில்லை.'

புதிய தலைமையாசிரியரைப் போடச் சொல்லி இரண்டு வருடமாக நான் அனுப்பிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. இதற்கு மறுநாளே வந்துவிட்டது: 'தலைமையாசிரியர் மீது புகார் இருந்தால், தலைமையாசிரியர் வழியாகவே அனுப்பவும்.'